கொடை நோட்டீஸ்: இரண்டாம் ப்ரூஃப்

வீரவநல்லூர் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால்
பலவேசம் அச்சகம்.
அடிக்கிற ஒவ்வொரு நோட்டீஸிலும் ஒரு தாளைக்
கம்பியில் குத்தி வைப்பது வழக்கம்,
நாளைக்கு வம்பு வந்தால் காட்ட.

வந்திருக்கிறது.
ஒரு புரட்டாசியில் பெருமாள் உற்சவத்துக்கு
நாமத்தின் அடியில் பாதம் விழுந்துவிட்டது.
நெல்மணி அளவு பாதம்.
ஐந்நூறு தாளும் மூட்டையாகத் திரும்பின.
தேசிகாச்சாரி கோபப்படவில்லை.
"எங்க தாத்தா காலத்துலேர்ந்து
கோர்ட்டுல கிடக்கிற பாதம்மா இது" என்றார்.
அன்றிலிருந்து கம்ப்யூட்டரில் இரண்டு நாமம்:
பாதம் ஒன்று, பாதம் சைபர்.

சுடலைக்கு அப்படியெல்லாம் கிடையாது
என்றுதான் நினைத்திருந்தேன்.

மார்கழி முடிவில் கொம்பையா அண்ணாச்சி வந்தார்.
"போன வருசத்து நோட்டீஸை எடும்மா,
தேதிய மட்டும் மாத்து."
மாற்றினேன்.
பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டு.
சுடலைமாட சுவாமி இருந்த இடத்தில்
ஸ்ரீ சுடலேஸ்வரர்.
கொடை என்பது வருஷாபிஷேகம்.
கணியான் கூத்தை எடுத்துவிட்டுத் திருவிளக்கு பூஜை.
படைப்பு, அடைப்புக்குறிக்குள் சைவம்.

அவர் டீ குடிக்கப் போன நேரத்தில்
கம்பியைக் கழற்றிப் பின்னோக்கிப் புரட்டினேன்.

எழுபத்தொன்பது. ரோஸ் தாள்.
சாமி பெயருக்கு முன்னால் ஒன்றுமில்லை.
இருபத்தொரு கிடா, ஒரு பன்றி,
சுருட்டு உபயம் முக்கூடல் சம்பந்தி வீட்டார்.
எண்பத்தாறில் 'அருள்மிகு' வருகிறது,
பன்றி போகிறது.
இரண்டாயிரத்து நாலு தை, தடைச் சட்டம் இருந்த நேரம்:
கிடா என்ற சொல் இல்லை.
வரியை நெருக்காமல்
அந்த இடத்தை வெறுமனே விட்டிருக்கிறார் அப்பா.
அடுத்த தையில் சட்டம் இல்லை.
கிடா வந்து அதே இடைவெளியில் நின்றுகொண்டது.

பதினாறில் மயிலாடியிலிருந்து சிலை இறங்கியது.
அதுவரை அவருக்கு முகம் கிடையாது.
சுண்ணாம்பு அடித்த பீடம்,
அடி அகன்று நுனி குறுகி,
பயப்படுகிறவன் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.
இப்போது மூக்கு இருக்கிறது.
அபயம் காட்டும் கை இருக்கிறது.
வல்லயத்தைத் தூணுக்குப் பின்னால்
துடைப்பத்தோடு சாத்தியிருக்கிறார்கள்.

அண்ணாச்சியைக் குற்றம் சொல்ல மாட்டேன்.
மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள்
குலதெய்வம் எது என்று கேட்டார்களாம்.
சொன்னதும் காபி டம்ளரைக் கீழே வைத்தார்களாம்.
"ஈஸ்வரர்னு சொல்லியிருந்தா குடிச்சிருப்பாவ."
எனக்கென்ன, என் தம்பியும்
அச்சகத்துக்கு வேறு பெயர் தேடிக்கொண்டிருக்கிறான்.
பலவேசம் அப்பாவின் பெயர்,
அப்பாவுக்கு முன்னால் ஒரு சாமியின் பெயர்.
அவன் சொல்வது: பி.வி. கிராஃபிக்ஸ்.

எட்டரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன்.
அதே அண்ணாச்சி.
பைக்கை அணைக்கவில்லை.
"இருபது தாள் போதும். அச்சகம் பேரு வேண்டாம்."

பேனாவால் எழுதிய நாலு வரி:
ராத்திரி ஒரு மணி.
சுடுகாட்டு ஓடைக்கு மேக்கே.
கெடா ஒண்ணு.
சொந்தக்காரங்க மட்டும்.

"யாருக்குன்னு போட வேண்டாமா?"
"அவருக்குத் தெரியும்லா."

கெடா என்று எழுதியிருந்தார்.
எங்கள் ஃபைலில் எப்போதும் கிடாதான்.
விரல் அந்த எழுத்துக்குப் போய் நின்றது,
வெளியே பைக் உறுமிக்கொண்டிருந்தது.
திருத்தவில்லை.

காசு கொடுத்தார், ரசீது வாங்கவில்லை.
இருபது கேட்டவருக்கு
இருபத்தொன்று அடித்திருந்தேன்.
மிஞ்சிய ஒன்றை ஒரு கையிலும்
ஈஸ்வரரை மறு கையிலும் வைத்துக்கொண்டு
எதை முதலில் குத்துவதென்று
கம்பிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன்.