மண் போனது

அனாகா மலையில் மூன்று நாள் மழை.
எலிஸேயோவின் உருளைக்கிழங்குப் பாத்தியில் பாதி
பள்ளத்தாக்கில் இறங்கிவிட்டது.
காப்பீட்டு ஆள் வருமுன்
குவாசிமாரா வந்தாள், வாளியும் சல்லடையுமாக.

"என் மண்ணையா கழுவப்போகிறாய்?"
"கழுவினால்தான் மிதக்கும்."

மிதந்தது.
எள்ளில் பாதி, தேன் நிறம்.
கண் இல்லை.
முதுகு மூடியைத் திறந்தால்
அடியில் சிறகும் இல்லை.

எதிர்க்கரையிலும் இதே ஜாடையில் ஒன்று உண்டு என்றாள்.
ஒரு முழம் நகர ஓர் ஆயுள் போதாத வண்டு
அங்கே எப்படிப் போனது?
அது போகவில்லை. மண் போனது,
அது உள்ளே இருந்தது.

என்றோ ஒரு சரிவு,
வேரோடு பெயர்ந்த ஒரு லாரல் மரம்,
அப்புறம் யாரும் வந்துபோகாத லட்சம் வருஷம்.
இந்தக் கரை ஆண்
அந்தக் கரைப் பெண்ணுக்கு இப்போது
இன்னொரு மண்கட்டி.

லென்ஸை அவனிடம் கொடுத்தாள்.
வெகுநேரம் குனிந்திருந்தான்.
தம்பி கராகஸ் போய் நாற்பது வருஷம்;
போனில் அவன் சொல்வதில்
ஒன்றிரண்டு வார்த்தை இப்போதெல்லாம் பிடிபடுவதில்லை.
அதை இவளிடம் சொல்லவில்லை.

"பாத்திக்கு யார் பணம் தருவார்?" என்றான்.

அவள் வடித்த சேற்றை
எந்தப் பக்கம் கொட்டுவதென்று தெரியாமல்
வாளியோடு நின்றாள்.