ஆகஸ்டு ஒன்றாம் தேதிக் கணக்கு

அரசு வருடத்துக்கு ஒருநாள்தான் எங்கள் தலையை எண்ணும்.
ஆகஸ்டு ஒன்று.
அன்றைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு,
முப்பதுக்கு ஒருவர் வீதம்
ஏழு ஆசிரியர். சரி.

ஆயுத பூஜை கழிந்ததும்
புதுவயல் ஆலைகளுக்கு நெல் லாரி வரும்,
லாரிக்குப் பின்னால் மூட்டை தூக்க ஆள் வருவார்கள்,
ஆளோடு பிள்ளைகள்.
இந்தப் பக்கம் கண்மாய் ஓரம் முழுக்க
மனை எண் எழுதிய மஞ்சள் கல்.
கல் இருந்த இடத்தில் வீடு,
வீட்டுக்கு இரண்டு பிள்ளை.
இன்று காலை இருநூற்றுத் தொண்ணூற்றேழு.
அதே ஏழு ஆசிரியர்.

ஆறாம் வகுப்பு சத்துணவு ஸ்டோர் ரூமில்
பருப்பு மூட்டைக்குப் பக்கத்தில் பின்னம் படிக்கிறது.
நாலு ஏ-வுக்கும் நாலு பி-க்கும் நடுவில் ஒரு பீரோதான் சுவர்.
ஏ-வில் ஆரோக்கியசெல்வி டீச்சர் கேட்ட கேள்விக்கு
பி-யிலிருந்து பதில் வரும், பெரும்பாலும் சரியாக.

எதிரே அந்தப் பெரிய வீடு,
இந்தத் தெருவில் முன்வாசல், அடுத்த தெருவில் பின்வாசல்.
கேட்டுப் பார்த்தேன்.
"ஷூட்டிங்குன்னா நாளைக்கே தொறக்கலாம் டீச்சர்,
பங்காளிக பதினெட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டாச்சு.
பள்ளிக்கூடத்துக்குன்னா
மறுபடி பதினெட்டுக் கையெழுத்து வேணும்."
அலுவலகத்தில் கேட்டேன்:
வாடகைக்குக் கணக்குத் தலைப்பே இல்லையாம்.

கருத்துரு மூன்று முறை போயிற்று.
மூன்றாவதற்குப் பதில் வந்தது:
நிதி ஒதுக்கீடு பெறப்பட்டவுடன் பரிசீலிக்கப்படும்.
அன்று ஐந்தாம் வகுப்புக்குச் சொல்வதெழுதுதல்.
ஒதுக்கீடு, என்றேன்.
பாதிப் பேர் 'ஒதுக்கிடு' என்று எழுதியிருந்தார்கள்.
சிவப்புப் பேனாவைத் திறந்தேன்,
மூடி வைத்துவிட்டேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன்.
முன்பு நான் இருந்த ஊரில் பதினோரு பிள்ளைகள்.
ஒரு பணியிடம் உபரியாகப் போய்விடும் என்று
ஜூலைக் கடைசியில் ஒரு மத்தியானம்
ஆல்பர்ட் சாரும் நானும் உட்கார்ந்து
பிறக்காத பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தோம்.
அதில் ஒருத்தி சிகப்பி.
பிறந்த தேதிகூட நான்தான் யோசித்துப் போட்டேன்,
பங்குனி மாதம், வெள்ளிக்கிழமை.
வருடம் முழுக்க அவள் வராத நாளே இல்லை.
மற்றதுகளுக்கு அம்மை போட்டபோதும்
அவளுக்குக் காய்ச்சல் வரவில்லை.

சுபாஸ்மிதா நாயக்குக்கு இன்று காய்ச்சல்.
அக்டோபர் பதினாலில் சேர்ந்தாள்.
அம்மா ஆலையில் தவிட்டுக் கூடத்தில் வேலை.
சீருடை இல்லை, புத்தகம் பழசு,
கணக்குப் புத்தகத்தில் கடைசிப் பக்கங்கள் கிழிசல்.
ஆனாலும் வந்திருக்கிறாள்.
நூறு வரைக்கும் தமிழில் எண்ணத் தெரியும் என்று காட்ட
சமையலறை வாசலில் நின்று முட்டைகளை எண்ணுகிறாள்.
எழுபத்தெட்டுக்கும் எண்பதுக்கும் நடுவில் தடுமாறி,
மறுபடி ஒன்றிலிருந்து.

பெயர் கூப்பிடும்போது
அவள் 'உள்ளேன்' சொல்வது மட்டும்
பீரோவுக்கு அந்தப் பக்கமும் கேட்கும்.

நாலாவது கருத்துரு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.
பொருள், பார்வை, இணைப்பு.
தேவைப்படும் ஆசிரியர் மூன்று, வகுப்பறை நான்கு.
பிள்ளைகள் தொகைக்கு எதிரே
இன்றைய தேதியைப் போட வேண்டும்.
கை பழக்கத்தில்
ஆகஸ்டு ஒன்று என்று எழுதிவிட்டது.
அடிக்கலாமா, புதுத்தாள் எடுக்கலாமா.
கட்டில் இன்னும் நாலு தாள்தான் இருக்கிறது.