காற்றுக்கு மட்டும்

பீல் நகரில், ரயில் பாதைக்குப் பின்னால்
நாலு மாடிக் கட்டடம். அதன் நிலவறையில்
எங்கள் பங்குக்கு மரச்சட்டம் அடித்த ஒரு கூடு.
பக்கத்துக் கூட்டில் திருமதி ஏஷ்லிமானின்
பனிச்சறுக்குப் பலகைகள்.
இங்கேதான் என் போத்தல்கள்.

முதல் தடவை மூடிகளை இறுக்கித் திருகினேன்.
தொழிற்சாலைப் பழக்கம்.
கடிகார முகப்புகளைப் பூதக்கண்ணாடியில் பார்க்கிறவள் நான்.
ஒரு தூசு விழுந்தால் ஒரு முகப்பு குப்பைக்கு.
ரை தானியத்தின் மேல் வெள்ளை இழை
இரண்டு விரல் அகலம் ஓடியது, நின்றது.
மூன்று கிழமை காத்திருந்து திறந்தேன்.
புளித்த வாடை, அடியில் தண்ணீர்.
மூச்சு முட்டிச் செத்திருக்கிறது.

அடுத்த தடவை அரைச் சுற்றுத் தளர்த்தி விட்டேன்.
ஒன்பதாம் நாள் பச்சை.
நெல் நாற்றைப் போல என்று சொல்லலாம்,
அவ்வளவு நல்ல பச்சை.
மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு
ஆறு போத்தலையும் கொண்டுபோய் எறிந்தேன்.

மூடவும் வேண்டும், மூடவும் கூடாது.
மூடியின் நடுவில் ஒரு துளை,
துளையின் மேல் ஒட்ட ஒரு வெள்ளை வட்டம்.
பார்த்தால் காகிதம், தொட்டால் துணி.
காற்று போய்வரும், பூஞ்சண வித்து வராது.
தபாலில் வந்தது, இருபது வட்டம் ஒரு உறையில்.

துளை போடத்தான் ஆள் இல்லை.
துளைக்கிற மெசின் நிருபனுடையது.
நிருபனோடு கதைத்துப் பதினொரு நாள்.

ஆறாயிரம் பிராங்.
வவுனியாவில் தம்பிக்கு லொறி, எனக்குச் சொல்லாமல்.
சோறு வடித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு
வங்கித் தாள் கண்ணில் பட்டது.
அன்றைக்குக் கத்தினோம்,
மேல்வீட்டுக்காரர் தரையைத் தட்டும்வரை.
பிறகு ஆறத் தொடங்கினோம்.

செவ்வாய் எங்கள் தோய்ச்சல் முறை.
உடுப்புக் கூடையோடு கீழே இறங்கினால்
சலவை மெசினின் மேல் எட்டு மூடிகள், அடுக்கி.
எட்டிலும் துளை.
நான் கேட்கவில்லை.
உறையைப் பிரித்து வட்டத்தை அளந்திருக்கிறான்.
விளிம்பு கீறும் என்று மெல்ல விரல் வைத்தேன்.
கீறவில்லை.
இரண்டு பக்கமும் அரத்தால் ராவியிருந்தான்.
பூதக்கண்ணாடியை எடுத்துவந்தும் பார்த்தேன்,
பிழை பிடிக்க வேண்டுமென்றே.

இரவு அவன் சேட்டுக் கையில்
தகரத் துகள் ஒன்று மினுங்கியது.
சொல்லவில்லை.
உப்பை அவன் பக்கம் தள்ளி வைத்தேன்.

குக்கருக்குள் ஒன்றரை மணி நேரம்.
அந்தச் சூட்டில் எதுவும் பிழைக்காது,
அதனால் பயமும் இல்லை.
அடுப்பை அணைத்த பிறகுதான் கவனம்.
ஆற ஆறப் போத்தல் உள்ளுக்கு இழுக்கும்,
அதன் முதல் மூச்சு, பெரிய மூச்சு.
சமையலறையில் மிதக்கிற அத்தனையும்
அந்த மூச்சில் ஏறப் பார்க்கும்.
வெள்ளை வட்டம் வேலை செய்வது அப்போது.
யாருக்கும் தெரியாது, சத்தமும் இல்லை.
நான் விளக்கை அணைத்துவிட்டுக்
கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்தேன்.

இன்று பன்னிரண்டாம் நாள்.
ஏழு போத்தல் பாதிக்கு மேல் வெள்ளை,
கண்ணாடியை உள்ளிருந்து தடவித் தடவி ஏறுகிறது.
ஏழாம் நம்பரில் மட்டும் பச்சை.
வட்டத்தின் குற்றமில்லை,
வளர்ப்புக் கரைசலை ஊற்றும்போது நான் தும்மினேன்.

திருமதி ஏஷ்லிமான் சட்டத்துக்குள் எட்டிப் பார்த்தார்.
“சீஸா?”
“காளான்.”
“உயிரோடா?”
“மூச்சு விடுகிறது.”
அவர் காதைக் கொண்டுபோய் மூடியில் வைத்தார்,
ஏதோ கேட்டதுபோல் தலையாட்டிவிட்டுப் போனார்.

நிருபன் படியில் நின்றிருக்கிறான்.
எப்போது வந்தான் தெரியாது.
“ஏழை எறி” என்றான்.
நாள் எண்ணுவதை நான் எப்போதோ விட்டிருந்தேன்.
“எந்த ஏழையை? லொறி வாங்கினவனையா,
காசு கொடுத்தவனையா?”

அவன் பதில் சொல்லவில்லை.
முற்றத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது.
ஏழாம் போத்தலை ஏந்திக்கொண்டு நான் வர,
முன்னே போய்க்
குப்பைத் தொட்டியின் மூடியைத்
தூக்கிப் பிடித்தான்.