நாற்பத்தோராம் தகடு

பளபளக்கிற பொருளைக்
கேமராவுக்குப் பிடிக்காது.
தகட்டைக் கேட்டால்
கூரை விளக்கைக் காட்டும்,
என் மூக்கைக் காட்டும்,
தன்னைத் தவிர எல்லாம் காட்டும்.

அதனால் பிர்னோ நகரத்து ஆலையொன்றில்
இரவு ஷிப்டு முழுக்க
டர்பைன் தகடுகளுக்குப் பவுடர் போடுகிறேன்.

முதலில் ஆல்கஹால் துடைப்பு.
பஞ்சின் ஒரு நூல் ஒட்டினாலும்
திரையில் அது மலைத்தொடர்.
பிறகு ஒரு சாண் தள்ளி நின்று
ஸ்ப்ரே.
கை விளிம்பைத் தாண்டிப் போய்த்தான்
திரும்ப வேண்டும்,
நடுவில் நிற்கக் கூடாது.

நேற்று நாற்பத்தோராம் தகட்டின்
வயிற்றுப் பக்கம் ஒரு சிவப்புப் புள்ளி.
"கழித்துவிடு" என்றான் ராதிம்
கோட்டை மாட்டியபடி.
கடைசி டிராமுக்கு நாலு நிமிடம்.

எனக்குத் தெரியும் அந்த இடம்.
வெளியே பனிவாரி வண்டி
மஞ்சள் விளக்கைச் சுழற்றிப் போனது,
சும்மா பார்த்தேன்.
அந்த ஒரு நொடியின் உயரம்
இருபத்தெட்டு மைக்ரான்.

பதிவேட்டில் எழுதினேன்:
"மேடு தகட்டினுடையது அல்ல,
என்னுடையது. ஹெட்விகா."
ராதிம் கோட்டைக் கழற்றினான்,
காபி இயந்திரத்தை இரண்டு தட்டு தட்டினான்.

துடைக்க வேண்டாத பூச்சு இது.
அலமாரியில் அந்துருண்டை மெலிவதுபோல்
தானே காற்றில் போய்விடும்.
மூன்று மணிவரை உட்கார்ந்திருந்தோம்.
வெள்ளைக்கு அடியிலிருந்து
முதலில் விளிம்பு வந்தது,
பிறகு கூரை விளக்கு,
பிறகு ராதிமின் கொட்டாவி.

மறுபடி பூசினேன்.
பச்சை.

கையுறையைக் கழற்றினால்
நகக்கண்ணில் மட்டும் கொஞ்சம் வெள்ளை.
அதுவும்
வீடு போய்ச் சேர்வதற்குள்
இருக்காது.