குறிப்புப் பெட்டி

பள்ளியின் கூடைப்பந்து அரங்கம்.
மடக்குமேசையில் ஊரை விரித்திருந்தோம்,
இரண்டாயிரத்து நாற்பத்தைந்து வரைக்குமான ஊர்.
ஆளுக்கு மூன்று சிவப்புப் பொட்டு.
எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே ஒட்டுங்கள் என்றேன்.
ஸ்பானிய மொழியில் ஒருதரம், லாவோவில் ஒருதரம்
திரும்பச் சொன்னார்கள்.

ஒராலியா முதல் பொட்டை
எண்ணெய் ஆலையின் புகைபோக்கிமேல் வைத்தாள்.
அடுத்தது ரயில்வே கேட்டில்.
சரக்கு வண்டி நின்றால் நாற்பது நிமிஷம், என்றாள்,
ஆம்புலன்ஸ் அந்தப் பக்கம்,
என் தம்பி இந்தப் பக்கம்.

மூன்றாவதற்குத் தன் தெருவைத் தேடினாள்.
தெற்கே போன விரல் நின்றுவிட்டது.
அங்கே குறிப்புப் பெட்டி:
பச்சை என்றால் பூங்கா. நீலம் என்றால் நீர்நிலை.
காலி மூலைதானே என்று
வைத்தது நான்தான்.

அவள் சண்டை போடவில்லை.
'பூங்கா' என்ற சொல்லின்மேல் பொட்டை வைத்து
கட்டைவிரலால் அழுத்தினாள்,
மேசைக்கால் கிறீச்சிட.

ராத்திரி, அலுவலகத்தில்
பொட்டுகளைக் கணினியில் ஏற்றுகிறேன்.
நூற்றுப் பதினொன்றாவதில் கேட்கிறது:
இந்தப் புள்ளி வரைபடத்துக்கு வெளியே உள்ளது.
நீக்கவா?

பெட்டியைப் பிடித்து இழுத்தேன்.
அடியில் பதினேழு வீடு, ஒரு சலவைக்கடை,
டுவயர் தெரு.

மணி பதினொன்றரை.
இழுத்த பெட்டியை எங்கே இறக்குவது?
எங்கே கொண்டுபோனாலும்
கீழே யாரோ இருக்கிறார்கள்.