உருப்படி ஒன்று

எங்கள் வீட்டு அட்டிகையை
யாரும் கண்டதில்லை.
சீட்டைத்தான் கண்டிருக்கிறோம்.
மோல்மேன் கடைத்தெருவில்
செட்டியாரிடம் அடகு வைத்தது.
சில நாளில் ரங்கூனில் குண்டு;
பெட்டியடி மேசையை அப்படியே விட்டு
அவர் கப்பலேறிவிட்டார்.
சன்னாசிக்கு டிக்கெட் கிடைக்கவில்லை.
அதனால் நாங்கள் இந்த ஊர்.

ஓவல்டின் டப்பாவில் இருந்தது சீட்டு.
அதை நம்பிப் பெண் எடுத்திருக்கிறார்கள்.
அதைக் காட்டி இரண்டு மூட்டை அரிசி
வட்டியில்லாமல் வாங்கியிருக்கிறார்கள்.
என் கல்யாணத்தன்று
வெறுங்கழுத்தைப் பார்த்து மாப்பிள்ளை வீடு முனகியபோது
பெரியத்தை டப்பாவைத் திறந்து
"எட்டுக் கல். மொகோக் சிவப்பு" என்றாள்.
"பன்னிரண்டு" என்றாள் சின்னத்தை.
ஆரம்பித்தது அங்கேதான்.
மூன்றாம் நாள் மடிப்பிலேயே கிழிந்தது சீட்டு.
மேல்பாதி முடோனில், கீழ்பாதி இங்கே.
நடுவில் லைன்கார் போகும் பதினெட்டு மைல்,
பத்தொன்பது வருஷம்.

பங்குனியில் சின்னத்தை போனாள்.
கருமாதி முடிந்து துணி பிரிக்கையில்
தலையணை உறைக்குள் கீழ்பாதி,
தனக்கா மணத்தோடு.

எடுத்துக்கொண்டு முடோன் போனேன்.
பெரியத்தைக்குக் கண்ணில் பால் விழுந்துவிட்டது.
தங்கை செத்ததற்கு வராதவள்
சீட்டு வந்ததற்கு எழுந்து உட்கார்ந்தாள்.
"கோயில்ல தமிழ் படிக்கிறியாமே. வாசி."

பள்ளிக்கூடத்தில் நான் டின் டின் ஏ,
வீட்டில் பேச்சியம்மாள்.
நாற்பத்து நாலு வயதில்
ஞாயிற்றுக்கிழமை வகுப்பில்
மூக்கொழுகும் பிள்ளைகளுக்கு நடுவே
ழகரத்துக்கு வால் போடக் கற்றவள்.
எண்களை மட்டும் போனில் தேட வேண்டியிருந்தது.

சோற்றுப் பருக்கை தேய்த்து
இரண்டு பாதியையும் ஒட்டினேன்.

மேலே பிள்ளையார் சுழி.
விஷு வருஷம், மார்கழி.
பால்மரத் தோட்டம், சன்னாசி.
பிறகு கணக்குப்பிள்ளையின்
அவசரமில்லாத கையெழுத்து:

பிள்ளை அரைஞாண், வெள்ளி. உருப்படி ஒன்று.

கீழ்பாதியில் இன்னொரு பிள்ளையார் சுழி.
சின்னத்தை தினமும் கண்ணில் ஒற்றிக்கொண்டது.
அது சுழியில்லை.
பழைய தமிழ் எண்ணில் இரண்டு.
ரூபாய் இரண்டு.

இரண்டு ரூபாய்க்குக் கப்பல் டிக்கெட் கிடையாது.
வேறென்ன கிடைத்திருக்கும்?
கம்பவுண்டர், மருந்து.
இல்லாவிட்டால் கோடித்துணி,
மண் வெட்டினவன் கூலி.

பெரியத்தைதான் மூத்தவள்.
மூத்தவள் பிறந்ததே
சப்பான்காரன் போன மறு வருஷம்.
அதற்கு முன்னால் இந்த வீட்டில்
அரைஞாண் கட்ட ஓர் இடுப்பு ஏது?
கட்டின அரைஞாணை எப்போது அறுப்பார்கள் என்று
எனக்குத் தெரியும்.

காத்தாயிக்கு எழுத்து தெரியாது.
எந்தக் காகிதம் எதுவென்று தெரியும்.
பாவாடை கட்டின மகள் ஒருநாள்
டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து
"இது என்னம்மா" என்றபோது
வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறாள்.
அடுத்தவள் கேட்டபோது
நாலு கல் கூட்டியிருக்கிறாள்.

"என்னடி, எத்தனை கல்?"

வாசலில் நாய் ஒன்று
ஈயைக் கடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கல் கணக்கு எழுதலை அத்தை. எடை இருக்கு."

"எவ்வளவு?"

"மூணு தோலா."

பெரியத்தை உள்ளங்கையை நீட்டி
காற்றில் ஒருதரம் தூக்கிப் பார்த்தாள்.
"கனம்தான்" என்றாள்.

ஆமாம் என்றேன்.

ஒட்டினது காய்வதற்குள் பறந்துவிடும் என்று
மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள்.
வேர்த்தபடி
இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.