பதினேழாம் மரம்

கொப்பி என்னிடம்தான் இருக்கிறது.
மருந்துக்கடைக்காரர் தந்த பழைய கணக்குக் கொப்பி,
ஓரத்தில் இருமல் பாணி விளம்பரம்.
யார் எந்தச் சனிக்கிழமை தண்ணீர் விட்டார்கள்,
யார் வருகிறேன் என்று சொல்லி வரவில்லை,
எல்லாம் அதில் உண்டு.
அன்ரன் மரியதாஸின் பெயருக்கு நேரே
நான் போட்டிருந்த கேள்விக்குறிகளை
அவர் ஒருநாள் எண்ணிப் பார்த்தார்.
அடுத்த வாரம் இரண்டு மூடை எருவோடு வந்தார்.

டச்சுக்குடாவுக்கு இப்பால்
பழைய தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் அரை ஏக்கர்.
யாருக்கும் சொந்தமில்லை என்று
எல்லோரும் குப்பை கொட்டிய நிலம்.
முதல் மாதம் நட்டதைவிடப் பொறுக்கியதே அதிகம்:
போத்தல், செருப்பு,
ஒரு தையல் மெஷினின் கால்.

கச்சான் அடிக்கத் தொடங்கினால் கிணறு கரிக்கும்.
நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துத்தான்
றிஸ்மியா ரீச்சர் வாளியைத் தூக்குவா.
கரித்தால் கொய்யாவுக்கு மட்டும்.
தோடையும் மாவும்
பவுசர் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும்,
எங்களைப் போல.

பிறகு மான்கள்.

கோட்டையிலிருந்து இறங்கி
பஸ் நிலையத்தில் பழத்தோல் தின்று
எங்களிடம் வந்து
மாதுளையில் தளிரை மட்டும், தளிரை மட்டும்
கடித்துவிட்டு
சாப்பாட்டுக் கடையில் கடன் சொன்னவர்கள் மாதிரி
திரும்பிப் பார்க்காமல் போகும்.

ஆடிக் கூட்டத்தில் நிஃமத் சொன்னார்:
"வாப்பாட பழைய வலை கிடக்கு. கட்டுவம்."
கட்டினோம்.
சுனேத்ராவுக்கு மட்டும் மனமில்லை.
அவள் ஒரு முடிச்சும் போடவில்லை.
எல்லோருக்கும் தேநீர் போட்டாள்.

இரவு பதினொன்றரைக்குத் தாங்கிக் காவலாளி
போன் எடுத்தார்.
நாங்கள் போனபோது
கொம்பு வலைக்குள், வலை மரத்துக்குள்.
பதினேழாம் மரம், கறுத்தக் கொழும்பான்,
ஒட்டுக்கன்று, மூன்று வயது.
வரும் தையில் முதல் பூ என்று
நாங்கள் வாய்விட்டுச் சொல்லாமல் வைத்திருந்தது.
வெட்டினால் மான் உதறும்.
உதறினால் மரம்.
ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை.
வாப்பா ஒரு மாரி முழுக்க இருந்து பொத்திய கண்களை
நிஃமத் கவ்வாத்துக் கத்தரியால்
ஒவ்வொன்றாக வெட்டினார்.

மடார்.

மான் ஒரு கணம் நின்றது.
அதன் மூச்சில் எங்கள் மாதுளை.

கொப்பியில் எழுதினேன்:
17. முறிந்தது. காரணம்
அதற்கு மேல் பேனை ஓடவில்லை.

மழை விட்ட ஒரு காலை குற்றியில் தளிர்.
ஒட்டுக்குக் கீழே.
"இது கறுத்தக் கொழும்பான் இல்லை, அடிமரம்"
என்றார் மரியதாஸ்.
"புளிக்குமோ, வெறும் நாரோ, ஆருக்குத் தெரியும்.
வெட்டிவிட்டுப் புதுசு வைப்பம்."
சரிதான்.
தோட்டக்கலை படித்த எவரும் அதைத்தான் சொல்வார்.

அடுத்த சனி அவர்தான் முதலில் வந்தார்.
ஒரு கையில் கத்தரி, மறு கையில் வாளி.
நான் கிணற்றடியில் நின்று
கயிற்றைப் பார்ப்பது போல் கயிற்றைப் பார்த்தேன்.
திரும்பியபோது
குற்றியைச் சுற்றி மண் நனைந்திருந்தது.

இன்று கொப்பியைத் திறந்தால்
இனம் என்ற நிரலில்
கறுத்தக் கொழும்பானை யாரோ ஒரு கோட்டால் வெட்டி
பக்கத்தில் 'பாப்பம்' என்று எழுதியிருக்கிறார்கள்.
பழகாத கையெழுத்து.
நடுவில் ஒரு ப் குறைகிறது.

நான் திருத்தவில்லை.